ஏழாம் சதுரம்

ஏழாம் சதுரத்தில் ஒரு பூ இல்லை. ஒரு மொட்டு இல்லை. யாரோ சுத்தமாக மழித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நான் எழுத்துப் பலகையையும் தண்ணீர்ப் போத்தலையும் சுமந்துகொண்டு பத்தடி பின்னால் மேடேறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன சுன்தொக் அக்கா சட்டென்று நின்றுவிட்டாள். பாம்பு கீம்பு கிடக்கிறதோ என்று நினைத்து, "என்னக்கா?" என்றேன். கிட்டே போய்ப் பார்த்தேன். நாலு மூலையிலும் மஞ்சள் தொப்பி போட்ட இரும்பு முளைகள் அடித்தது அடித்தபடி நிற்கின்றன. ஏழு என்று எழுதின தகடு காற்றில் ஆடுகிறது. நடுவில் இருந்த மணல்மேடு மட்டும் புதுசாக முடி வெட்டின தலை மாதிரி மட்டமாக இருக்கிறது.

அக்கா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் ஆபரேஷன் ஆனபிறகு அவள் தரையில் உட்காருவதே கிடையாது. கோவிலுக்குப் போனாலும் பெஞ்சுதான்.

"போன மாசம் முட்டி உசரம் நின்னுச்சே," என்றாள். "மொட்டு வச்சு நின்னுச்சே, கியூதே அம்மா. நீயும் பாத்தல்ல?"

"பாத்தேங்க்கா."

"நாம எடம் மாறி வந்துட்டமோ?"

எட்டு வருஷமாக வருகிற இடம். கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து சேர்வாள். "தகடு இருக்கேக்கா," என்றேன். அவள் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் சோல்மொரே கடற்கரையில் தேசியப் பூங்காக்காரர்கள் இப்படிப் பன்னிரண்டு சதுரம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர். மாதம் ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் போய், உள்ளே என்னென்ன செடி, எத்தனை, என்ன உயரம், மணல் ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அக்கா எண்ணிச் சொல்வாள், நான் எழுதுவேன். கேட்பதற்கு லேசான வேலை. ஆகஸ்டு வெயிலில் மணலில் குனிந்து கோரைத் தண்டை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால் தெரியும், லேசா கனமா என்று. வெயிலுக்குப் பயந்து நான் முகத்தை மூடித் துணி சுற்றிக்கொள்வேன். அக்கா அதைக்கூடச் சுற்றமாட்டாள், எண்ணும்போது குரல் அமுங்கிப்போகிறதாம்.

பன்னிரண்டில் இந்த ஏழாவதுதான் பூங்காவின் செடி ஆராய்ச்சிக்காரி டாக்டர் பியொன்னுக்கு உயிர். மணல்சாமந்தி இந்தக் கரை முழுக்க இங்கேதான் மிச்சம். அதற்கு ஒரு குணம். முதல் வருஷம் தரையோடு தரையாக இலை மட்டும் விரிக்கும். இரண்டாம் வருஷம் தண்டு விட்டு, ஊதாப் பூ பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விதை விழுமுன் வெட்டினால் அந்தச் செடியின் கதை அதோடு சரி. பதினோரு வருஷமாக, செப்டம்பர் நடுவில் ஒரு நாள் குறித்து, பூத்த தண்டுகளை எண்ணி எழுதிவருகிறார்கள்; மற்ற மாதங்களில் மிதிபடும் என்று சாமந்தியை மட்டும் எண்ணுவதில்லை. அந்த நாள்தான் இன்று.

அக்கா சிப்பி தோண்டித் தோண்டி முழங்காலைத் தொலைத்தவள். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பட்டம் வாங்கின அந்தப் பெண், டாக்டர் பியொன், அவளை "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவாள். பூங்கா ஆட்கள் மரியாதைக்கு எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், என்னையும்கூட. எனக்கு அது காதில் ஏறாது. அக்காவை முதல்தடவை அப்படிக் கூப்பிட்டபோது, பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். அன்றிலிருந்து வேலைக்கு வரும்போது தலையை வாரிக்கொண்டு வருவாள். ஒருமுறை நாற்பத்தொன்று என்பதற்குப் பதினாலு என்று சொல்லிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, மறுநாள் கொட்டுகிற மழையில் என்னையும் இழுத்துக்கொண்டு போய்த் திரும்ப எண்ணினாள். எனக்குத் தும்மல் ஒரு வாரம் நிற்கவில்லை. எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.

வேலையில் சேர்த்தபோது ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். சதுரம் எங்கே இருக்கிறது என்று வீட்டாரிடம்கூடச் சொல்லக் கூடாது. மருந்து வேர் தோண்டுகிற கூட்டம் இந்தக் கரையில் அப்படி. சொன்னாலோ, வீட்டில் யாராவது சதுரத்தில் கை வைத்தாலோ வேலை போய்விடும். நான் என் மகன் கியூதேயிடம் உளறியிருக்கிறேன், பொய் சொல்வானேன். அக்கா புருஷனிடம்கூட வாய் திறக்கவில்லை. மான்பே அண்ணன் "எங்க கெளம்பிட்ட?" என்றால் "புல்லுக்கு" என்பாள். அவரும் அதற்குமேல் கேட்கமாட்டார். இந்தப் பக்கத்து ஆட்களே அப்படித்தான். எதையும் நேராகக் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். குழம்பில் உப்பு கூடிப்போனால், "இன்னைக்குக் கடல் கிட்டக்க வந்துருச்சு போல" என்பார்கள். நான் வடக்கே இருந்து கல்யாணம் ஆகி வந்தவள். இருபத்தாறு வருஷமாகியும் எனக்கு இது எரிச்சல்தான்.

"எவன் கையோ, அந்தக் கை வெளங்காமப் போக," என்றாள் அக்கா. நான் திடுக்கிட்டேன். அவள் வாயிலிருந்து ஒரு வசவு வந்து நான் கேட்டதில்லை. "அந்தக் கை சோறு அள்ள முடியாமப் போக."

"விடுங்கக்கா. மானாக்கூட இருக்கும்."

"மான் கடிச்சா பிச்சு இழுத்திருக்கும். இங்க பாரு, ஒரே மட்டமா. இது மெஷினு."

டாக்டர் பியொன்னுக்குப் போன் போட்டோம். அவளும் முதலில் மான் என்றுதான் சொன்னாள். அக்கா விளக்கிச் சொன்னாள். பிறகு, "மூணு மணிக்கு வந்துடறேன் டீச்சர், எதையும் தொடாதீங்க," என்றாள். குரல் உடைந்திருந்தது.

எழுந்து புறப்படும்போதுதான் அக்கா அதைப் பார்த்தாள். மேட்டுக்குக் கடல் பக்கமாக ஒரு காகிதக் கோப்பை சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு தட்டைக் கல். கல்லின்மேல் ஒரு பாறைமீன் கருவாடு, எறும்பு மொய்த்துக்கொண்டு. எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் படைப்பது பாறைமீன் கருவாடுதான். இந்த மீனை முதுகுப் பக்கமாகப் பிளந்திருந்தது. செவுளில் நீல நைலான் கயிறு கோத்து, இரட்டை முடிச்சு.

ஊரில் கருவாடு போடாத வீடில்லை. ஆனால் முதுகைப் பிளந்து நீலக் கயிற்றில் இரட்டை முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான், என் பக்கத்தில் நின்றவள். அவள் போட்ட கருவாட்டை எத்தனையோ தடவை வாங்கித் தின்றிருக்கிறேன்.

எதையும் தொடாதே என்று சொன்னது அவளுக்கும்தான் கேட்டிருக்கும். ஆனால் அவள் எறும்பைத் தட்டிவிட்டு மீனை எடுத்தாள், முடிச்சைப் பார்த்தாள், இடுப்புப் பைக்குள் திணித்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கு நானும் இந்த ஊர்க்காரியாகிவிட்டேன், வாயைத் திறக்கவில்லை.

"வா, சாப்பிட்டுப் போலாம்," என்றாள்.

மான்பே அண்ணன் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முதுகில் மாட்டுகிற புல்வெட்டி மெஷினின் தகட்டை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். சூசோக் அறுவடைப் பண்டிகைக்கு முந்தின இரண்டு வாரம் இந்தச் சத்தம் இல்லாத மலை கிடையாது. எங்கள் பக்கத்துச் சமாதி என்றால் புல் மூடின மண்மேடுதான். வீட்டுக்கு வீடு முன்னோர் சமாதியில் புல் வெட்டுவார்கள். வர முடியாத வெளியூர்க்காரர்களுக்கு அண்ணன் வெட்டிக்கொடுப்பார்.

"என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டாச்சா?" என்றார். "கோரைப் புல்லெல்லாம் பாஸா?"

அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். சிப்பி போட்டுக் கொதிக்கவிட்டு, காலையில் உருட்டி வைத்திருந்த மாவை இழுத்து வெட்டி உள்ளே போட்டாள். கை பழக்கத்தில் ஓடியது. கண் அங்கே இல்லை. மூன்று கிண்ணம் வைத்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். அண்ணன் உறிஞ்ச ஆரம்பித்தார்.

"கயித்துல ஒரு மீன் கொறையுதே," என்றாள் அக்கா.

"பூனையா இருக்கும்."

"பூனைக்கு எட்டாத ஒசரத்துல இல்ல கட்டியிருக்கேன்."

"அப்ப பெரிய பூனை." அண்ணன் சிரித்தார். "சரி சரி, நான்தான் எடுத்தேன். மொறைக்காத மிரான் அம்மா, சாராயத்துக்குத் தொட்டுக்க எடுக்கல. நல்ல காரியத்துக்கு எடுத்தேன்."

"என்ன நல்ல காரியம்?"

"அதைச் சொல்லிக் காட்டுனா நல்ல காரியம் ஆகுமா?"

"சொல்லுங்களேன் அண்ணே," என்றேன் நான்.

அண்ணன் கிண்ணத்தை வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். சொல்ல ஆசைதான் என்று தெரிந்தது. "ஹோங் வீட்டுப் பசங்க இஞ்சொன்ல இருந்து போன் பண்ணானுவ. வர முடியலையாம். பைன் தோப்பு ஓரத்துல அவனுங்க தாத்தன் பாட்டன் மூணு பேரு கெடக்காங்க, வெட்டி விடுங்க சித்தப்பானு. செவ்வாக்கிழமை போனேன். முடிச்சுட்டு, ஒண்ணுக்குப் போலாம்னு அப்படியே மணல் பக்கமா எறங்குறேன். பாத்தா அங்க ஒண்ணு."

"என்ன ஒண்ணு?"

"சமாதிதான். வேற என்ன. கடலைப் பாத்தாப்பல, நல்ல எடமாத்தான் யாரோ தேடி வச்சிருக்கான். ஆனா எத்தனை வருஷமா ஆள் வரலையோ, மேட்டைச் சுத்திப் பொதராட்டம் களை. அது போவுது. நாலு பக்கமும் மஞ்சத் தொப்பி முளையை அடிச்சு நம்பர் மாட்டிட்டானுவ. ஏழாம் நம்பரு."

அக்காவின் சாப்பாட்டுக் குச்சி கிண்ணத்துக்கு மேலே நின்றுபோயிற்று.

"போன வருஷம் மலைக்கு அந்தாண்ட புது ரோடு போட வந்தானுவளே, ஞாபகம் இருக்கா? முப்பத்தெட்டு சமாதிக்கு இதே மஞ்ச முளைதான் அடிச்சானுவ. புல்லு வெட்டியிருந்தா, ஆளு இருக்குன்னு தேடிக் கேட்டானுவ. வெட்டாம கெடந்ததெல்லாம் யாருமில்லாததுன்னு சொல்லி, மாசி பங்குனிக்குள்ள தோண்டி வாரிட்டுப் போயிட்டானுவ. அதான், மெஷின் முதுகுலதான இருந்துச்சு, ஒரு அரை மணி நேரம். அழகா வெட்டி விட்டேன். இனி எவன் வந்து பாத்தாலும் இதுக்கு ஆளு இருக்குன்னு ஒரு யோசனை வரும்ல? வீட்டுக்கு வந்து மீனை எடுத்துட்டுப் போயி, ஒரு கோப்பை ஊத்தி வச்சு, ரெண்டு தடவை விழுந்து கும்பிட்டேன். 'யாருன்னு தெரியலைங்க, இந்த வருஷம் பொழைச்சுக்கங்க'ன்னேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். வாலிபத்தில் அவர் தெற்குக் கடலில் சூரை பிடிக்கிற கப்பலில் இரண்டு வருஷம் இருந்தார். கூடப்பிறந்த மூத்தவன் ஊரில் இருந்தும் அப்பா சமாதியில் புல் வெட்டவில்லை. திரும்பி வந்து பார்த்தால் அந்த இடத்தில் கிடங்கு கட்டியிருந்தார்கள். எலும்பை எங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள் என்று ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

"எங்கப்பனுக்கு," என்றார் அண்ணன், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ரோட்டுல போற எவனாவது ஒருத்தன், ஒரே ஒரு தடவை வெட்டி விட்டிருந்தான்னா..."

அக்கா இடுப்புப் பையைத் திறந்து கருவாட்டை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள்.

அண்ணன் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "படைச்சதை ஏன் எடுத்துட்டு வந்த?" என்று அதட்டினார். பிறகுதான் அவருக்கு வேறு எதுவோ உறைத்தது. "ஆமா, நீ எங்க அங்க போன?"

"அது சமாதி இல்லைங்க."

"பின்ன?"

"என் சதுரம்."

"என்ன சதுரம்?"

"புல்லுக்குப் போறேன், புல்லுக்குப் போறேன்னு எட்டு வருஷமா எங்க போறேன்? அங்கதான் போறேன். அந்த முளை பூங்காவோட முளை. அந்தக் களை களை இல்ல. பதினோரு வருஷமா எண்ணிட்டு வர்ற சாமந்தி."

வெளியே யாரோ மலையில் மெஷினை ஓட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"உள்ள யாரும் இல்லையா?" என்றார்.

"மணல்தான்."

"யாருமே இல்லையா?"

"பூவைச் சுத்தி மணல் சேந்து சேந்து மேடானதுங்க. காத்து பண்ணுன மேடு."

அவர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை. திட்டு வாங்கின முகமாக அது இல்லை. யாரையோ காப்பாற்றிக் கரை சேர்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அங்கே ஆளே இல்லை என்கிற முகம். அக்கா திடீரென்று கையை நீட்டி அவர் வலதுகையைப் பிடித்துக்கொண்டாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "காலைல நான் என்ன வாயி வச்சேன்," என்று முணுமுணுத்தாள். "ஐயோ, நான் என்ன வாயி வச்சேன்."

"நீ என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேனே. புல்லுக்குன்னே."

"எந்தப் புல்லுன்னு கேட்டீங்களா?"

எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ரெண்டு பேரு வாயிலயும் என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு இத்தனை வருஷமா? ஒரே அடுப்புல சோறு, ஒரே கூரைக்கு அடியில தூக்கம், அவரு மெஷினைத் தூக்கிட்டு எந்தப் பக்கம் போறாருன்னு உனக்குத் தெரியாது, நீ எங்க குனியறன்னு அவருக்குத் தெரியாது!" கத்திவிட்டுப் பிறகு எனக்கே வெட்கமாகப் போயிற்று. ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நூடுல்ஸ் கிண்ணத்திலேயே ஊறிப் பெருத்துக்கொண்டிருந்தது.

"வேலை போயிருமா?" என்றார் அண்ணன்.

"வீட்டு ஆளு கை வச்சா போயிரும். கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"எக்கா," என்றேன், "எழுதறவ நான்தான? சேதத்துக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு. ஒண்ணாம் நம்பர் மானு. நான் ஒண்ணுன்னு போட்டுட்டா முடிஞ்சுபோச்சு. டாக்டரே மான்னுதான சொல்லிச்சு."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லை, அதுதான் தாங்கவில்லை. "கியூதே அம்மா, இந்த எட்டு வருஷத்துல இல்லாத ஒரு நம்பரை நான் சொல்லி நீ எழுதியிருக்கியா?"

"இல்ல."

"பின்ன?"

மூன்று மணிக்கு டாக்டர் பியொன் வந்தாள். முப்பத்தாறு வயதுப் பெண், கன்னமெல்லாம் கடற்காற்றில் வெடித்திருக்கும். மேட்டுக்கு ஏறி வந்து, முளைக்கு வெளியே நின்று, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டினாள். திரும்பக் கழற்றினாள்.

"இன்னும் மூணு வாரம்," என்றாள். "மூணு வாரம் கழிச்சு வெட்டியிருந்தாக்கூட விதை விழுந்திருக்கும்."

காற்றில் ஆடின தகட்டை அக்கா கையால் பிடித்து நிறுத்தினாள்.

"அடியில இலை விரிச்சிருக்கறது தப்பிச்சிருக்கு," என்று குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். "அடுத்த வருஷத்துக்கானது. அது மட்டும்தான். இந்த வருஷத்துது போச்சு." பிறகு நிமிர்ந்து, "யாருன்னு தெரியப்போறதில்ல டீச்சர். காரணம் தெரியலைன்னு போட்டுக்கலாம்," என்றாள்.

"காரணம் தெரியும் டாக்டர்," என்றாள் அக்கா. "ஆளு. என் வீட்டு ஆளு."

பியொன் திரும்பி அவளையே பார்த்தாள். அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். மஞ்சள் முளை, ரோடு, முப்பத்தெட்டு சமாதி, மாமனார் எலும்பு, கருவாடு. எதையும் சுற்றி வளைக்கவில்லை. இந்த ஊரில் ஒருத்தி ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை நேராகச் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

"டீச்சர்," என்றாள் பியொன், "இதை எழுதினா நான் மேல அனுப்பியே ஆகணும். அனுப்பினா அவங்க உங்களை..."

"தெரியும் டாக்டர். எழுது, கியூதே அம்மா."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது பைன் தோப்புப் பக்கமிருந்து மான்பே அண்ணன் வந்தார். அப்பாவுக்குப் படைக்கிற நாளில் மட்டும் போடுகிற கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், மிதித்து இன்னும் கெடுத்துவிடக்கூடாது என்று. மகள் வயசுப் பெண்ணுக்கு முன்னால் இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"என் பேரை எழுதுங்க டாக்டரம்மா. அவளுக்கும் இதுக்கும் சம்மந்தம் இல்ல. வாயைத் தொறந்து ஒரு வார்த்தை அவ சொன்னதில்ல, அதனாலதான் இவ்வளவும். கட்டுப்பாடா இருந்தவளை அனுப்புவீங்களா?"

பியொன் தலையைக் குனிந்தாள்.

"வெட்டினதெல்லாம் கீழ சரிவுலதான் போட்டேன், இன்னும் கெடக்கு. எடுத்து நட முடியாதா? ஒட்டுக் கிட்டு ஏதாவது போட முடியாதா? நீங்க படிச்சவங்க."

"முடியாதுங்க ஐயா."

"முடியாதா," என்றார். அவர் கை செருப்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

காரணக் கட்டத்தில் ஆறு என்று போட்டேன். ஆறு என்றால் மற்றவை. பக்கத்தில் விவரம் எழுத ஒரு கோடு. அதில், "உதவியாளர் கணவர், சமாதி என்று நினைத்து வெட்டினார்" என்று எழுதினேன். பியொன் அதைப் படித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டாள். அடுத்த மாதத்திலிருந்து அக்கா வரமாட்டாள் என்பது அங்கே நின்ற நாலு பேருக்கும் தெரியும்.

"அப்ப இன்னைக்கு எண்ணிக்கை சுழியம்னு போடணும்," என்றாள் பியொன் மெதுவாக.

"ஏன் சுழியம்?" என்றாள் அக்கா. "அடித்தண்டு இருக்கே. எண்ணலாமே."

பியொன் குனிந்து பார்த்தாள். சாமந்தித் தண்டு அடியில் செந்நிறமாக, மயிர் மயிராக இருக்கும். கோரையோடும் மற்றதோடும் குழம்பாது, தெரிந்தவர்களுக்கு. "எண்ணலாம்," என்றாள். "வெட்டுப்பட்டதுன்னு குறிப்புப் போட்டு எண்ணலாம். பதினோரு வருஷ வரிசை அறுந்துபோகாது டீச்சர்."

ஆனால் இத்தனை சிறிய அடித்தண்டை நின்றுகொண்டு பார்க்க முடியாது. அக்காவின் முழங்காலோ காலையில் உட்கார்ந்ததிலேயே வீங்கியிருந்தது. மான்பே அண்ணன் கோட்டைக் கழற்றி மடித்து வெளியே வைத்தார். முளைக்கு உள்ளே மண்டியிட்டார்.

"எதுன்னு சொல்லு," என்றார்.

"மணலை ஊதுங்க. கையால தள்ளாதீங்க, ஊதுங்க. அந்தா, சிவப்பா. அது ஒண்ணு. சிப்பித் துண்டை வைங்க பக்கத்துல, இல்லைன்னா ரெண்டு தடவை எண்ணிருவோம்."

"இது?"

"அது கோரை. கண்ணு எங்க இருக்கு? அதுக்கு அடுத்தது. ம். ரெண்டு."

இப்படியே போயிற்று. அவர் ஊதுவார், விரலை நீட்டுவார், அவள் ஆமாம் இல்லை என்பாள், நான் கோடு போடுவேன். பியொன் உடைந்த சிப்பிகளைப் பொறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இருபது தாண்டியது. நாற்பது தாண்டியது. அண்ணன் கழுத்தில் வேர்வை வழிந்தது. "நல்லாப் பாரு மிரான் அம்மா, விட்டுறாத," என்று அவரே சொல்ல ஆரம்பித்தார்.

படிவத்தில் போன வருஷத்து எண் அச்சடித்திருக்கும். ஐம்பத்து நாலு. பதினோரு வருஷத்தில் அதிகம் என்றால் ஒரு வருஷம் அறுபத்தொன்று வந்தது. அந்த வருஷம் பியொன் எங்களுக்கு மாட்டிறைச்சி வாங்கிக் கொடுத்தாள்.

ஐம்பத்து நாலைத் தாண்டியதும் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அறுபத்தொன்றைத் தாண்டியது. மேட்டில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது. பியொன் சிப்பி பொறுக்குவதை நிறுத்திவிட்டு என் பின்னால் வந்து நின்றாள். அவள் மூச்சு என் தோளில் பட்டது. எண்பது. தொண்ணூறு. நூற்று ஐந்து. நூற்றுப் பதினேழு. வடக்கு முளையை ஒட்டி ஒரு கொத்து இருந்தது, அதில் மட்டும் பதினொன்று.

"நூத்தி இருபத்தெட்டு," என்றாள் அக்கா. "எழுதிக்க."

எழுதினேன்.

இந்தச் சதுரம் போட்டதிலிருந்து இப்படி ஒரு வருஷம் வந்ததே இல்லை. நூற்று இருபத்தெட்டும் மொட்டு வைத்து நின்றிருக்கின்றன, மூன்று வாரத்தில் விதை கொட்டியிருக்கும். பியொன் முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

அண்ணன் மண்டியிட்டபடியே தலையைத் தூக்கினார். உதட்டிலும் புருவத்திலும் மணல். சுற்றிலும் சிப்பித் துண்டுகள். "நூத்தி இருபத்தெட்டுனா," என்று கேட்டார், "போன வருஷத்தை விடக் கூடவா, கொறைவா?"

பியொன் வாயைத் திறந்தாள்.

"கொறைவுதான்," என்றாள் சுன்தொக் அக்கா முந்திக்கொண்டு. "ரொம்பக் கொறைவு. வைகாசி ஆனியில மழையில்லாமப் போச்சுல்ல. இந்த வருஷம் எப்படியும் பெருசா ஒண்ணும் வந்திருக்காதுங்க. எந்திரிங்க, உங்க முட்டியும் போயிறப் போவுது."

"அப்படியா?" என்றார். அவர் கண் எங்கள் இரண்டு பேர் பக்கமும் வந்தது. "அப்படிங்களா, டாக்டரம்மா?"

பியொன் அக்காவைப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் வாயிலிருந்து வந்த ஒரு எண்ணையும் சந்தேகப்பட்டதில்லை அந்தப் பெண்.

"டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள்.

அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சு விட்டார். எழுந்து உடம்பிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டே, "எங்க, அந்தத் தாளைக் காட்டு, நானும் பாக்குறேன்," என்று என் பக்கம் வந்தார். போன வருஷத்து எண் அச்சடித்திருந்த இடத்தை நான் உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டேன்.